பழைய சிலபஸ்

போன வருஷம் அம்மை போட்டதால் ஆஷாவால் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையை எழுத முடியாமல் போயிற்று. இந்த வருஷமோ பாடத்திட்டமே மாறிவிட்டது. அவளைப் போன்றவர்கள் பழைய பாடத்திலேயே எழுதலாம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அம்மா அந்தோணியம்மாள் மீன் விற்கப் போனதும், பட்டினப்பாக்கத்து வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பழைய புத்தகத்துக் கணக்குகளையே போட்டுப் போட்டுப் பார்த்தாள்.

மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் தேர்வு. வினாத்தாளைப் பிரித்தாள். முதல் கணக்கு அவள் கண்டிராதது. அடுத்ததும் அப்படித்தான். சுற்றிலும் எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுந்து கேட்டால் பழைய பாடக்காரி, பெயிலானவள் என்று நினைப்பார்களே என்று கூசினாள். ஆனால் இன்னொரு வருஷமும் வீணாகிவிடும் என்ற பயம் அவளை எழுப்பிவிட்டது.

"சார், இது எங்க புக்குல இல்லவே இல்ல சார்."

மேற்பார்வையாளர் முகம் சுளித்தபடி அவளுடைய ஹால் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அடடா, நீ பழைய சிலபஸாம்மா! தாளை மாத்திக் குடுத்துட்டேன்."

ஓட்டமும் நடையுமாகப் போய் வேறு தாள் கொண்டுவந்தார். "பதறாம எழுது. போன நேரத்தைக் கடைசில தரேன்."

முதல் கணக்கு தெரிந்ததுதான். பிறகு அவள் தலை நிமிரவில்லை.

வாசலில் காலிக் கூடையுடன் அம்மா நின்றிருந்தாள்.

"இன்னாடி, கணக்கு கஷ்டமா இர்ந்துச்சா?"

"கணக்கு சுளுவும்மா. கேள்வித்தாள கேட்டு வாங்குறதுக்குள்ளதான் உசுரு போச்சி," என்று ஆஷா சிரித்தாள்.