பாண்டுரங்கனின் பிக்கப்

ஒரகடம் போகும் சாலையில் ஸ்பிரிங் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்று இருந்தது. எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது வாக்கில் அங்கே சூப்பர்வைசராக வந்து சேர்ந்தார் பாண்டுரங்கன். மனிதர் வாயைத் திறந்தால் ‘பிக்கப்’ சொல்லாமல் மூடமாட்டார். உற்பத்தி கூடினால் பிக்கப். ஜீப் மேட்டில் திணறினால் பிக்கப் இல்லை. போன் அடித்தால் பிக்கப் பண்ணு. இங்கிலீஷ் வரவில்லையா, கேட்டுக் கேட்டுப் பிக்கப் பண்ணிக்கோ. ஜுரத்தில் படுத்தவன் தேறி வந்தால் அவன் உடம்பும் பிக்கப்.

ஒருமுறை வெல்டர் ரகுபதியிடம், “உன் ஒய்ஃபை நான் பிக்கப் பண்ணிக்கறேன்” என்று சொல்லி அடி வாங்காத குறை. பிள்ளைத்தாய்ச்சியை ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத்தான் சொன்னார். ரகுபதிக்குத் தெரிந்த பிக்கப்போ சினிமாக் கொட்டகை வாசலில் பொம்பளைகளை மடக்குவது.

பேக்கிங்கில் இருந்த செங்கமலத்துக்கு இதெல்லாம் நல்ல வேடிக்கை. அவரைப் போலவே பேசிக்காட்டி எல்லாரையும் சிரிக்க வைப்பாள். அது அவர் காதுக்கு எட்டியது.

“வேலையைத் தவிர எல்லாத்தையும் பிக்கப் பண்ணி வெச்சிருக்கே!” என்று அத்தனை பேர் எதிரிலும் கத்திவிட்டார். செங்கமலம் மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு நாள். மொத்தமாகச் சரக்கு வாங்கும் இராமச்சந்திரன் மெட்ராஸிலிருந்து ரயிலில் வருகிறார் என்று தகவல் வந்தது. பாண்டுரங்கன் மெஷினை விட்டு நகர முடியாமல் செங்கமலத்தைக் கூப்பிட்டார். “தசரதன்கிட்ட சொல்லு, சாரைப் பிக்கப் பண்ணணும்.”

தசரதன் ஜீப் டிரைவர். அதற்கு முன்பு அரிசி மில்லில் மூட்டை தூக்கியவன்.

“அண்ணே, சிங்கப்பெருமாள் கோவில் டேசன்ல பெரிய மனுசன் ஒர்த்தர் வராராம். பிக்கப் பண்ணணுமாம்.”

“எந்தப் பிக்கப்பு? அந்தாளு தெனத்துக்கும் ஒரு பிக்கப்பு சொல்றாரே!”

செங்கமலத்தின் நாக்கு சும்மா இருக்கவில்லை. “தூக்கினு வரணும்ணே. கால் தரையில படக் கூடாதாம்.”

ஜீப் கிளம்பிய பிறகுதான் செய்த காரியம் அவளுக்கு உறைத்தது. வேலை போய்விட்டால் வூட்டில் என்ன சொல்வது? சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜீப் கேட்டில் வந்து நின்றது. அங்கிருந்து ஆபீஸ் வரை ஜீப் போக முடியாத சேறு. உள்ளே இருந்த இராமச்சந்திரன் தன் வெள்ளைப் பேண்ட்டைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார், குழந்தை மாதிரி இரண்டு கையையும் நீட்டினார். தசரதன் அலுங்காமல் தூக்கிக்கொண்டு நடந்தான்.

“டேசன்ல மொதல்ல கத்தினாரு, ஒதைச்சாரு” என்று அவன் பிறகு செங்கமலத்திடம் சொன்னான். “அப்பால கீழ கெடந்த தண்ணியப் பாத்துட்டு என் கழுத்தக் கெட்டியா புடிச்சிக்கினாரு.”

ஆபீஸ் வாசலில் பாண்டுரங்கன் தலையில் கைவைத்துக்கொண்டார். இறங்கிய இராமச்சந்திரனோ சிரித்தார். “ஷூ நனையலே! இப்படி யாருய்யா வரவேற்பாங்க? யாரு ஏற்பாடு?”

பாண்டுரங்கன் தசரதனைப் பார்த்தார். அப்புறம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். “நான்தான் சார்.”

செங்கமலத்துக்கு உயிர் வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது.

பேச்சு முடிந்து ஆர்டரும் கிடைத்தது. இராமச்சந்திரன் புறப்பட்டு வாசலுக்கு வந்தார். மழை இன்னும் விடவில்லை. “எங்கேய்யா உங்க ஆளு?”

“தசரதண்ணன் ஜீப்புல ஒக்காந்து சாப்பிடறாரு சார்” என்றாள் செங்கமலம். அவனைச் சாப்பிட அனுப்பியதே அவள்தான். “ஆனா ஏற்பாடே சூப்பர்வைசர் சார்துதானே. அவரே தூக்குவாரு.”

“அதுவும் சரிதான்” என்று இராமச்சந்திரன் கையை நீட்டிவிட்டார். நல்ல கனத்த சரீரம்.

பாண்டுரங்கன் அவளை முறைத்தார். வேறு வழியில்லை. பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துத் தூக்கினார். மெஷின்களை விட்டுவிட்டு மொத்த ஷிஃப்ட்டும் ஜன்னலில் கூடியது. ரகுபதி விசிலே அடித்தான். சேற்றில் ஒவ்வொரு அடியாக ஜீப்பை நோக்கித் தள்ளாடிப் போனவர்களுக்குக் குடை பிடித்தபடி, சிரிப்பு வெளியே தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு கூடவே நடந்தாள் செங்கமலம்.