கேள்வி நேரம் கிடையாது

பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் மூன்று மணிக்குத் தொடங்க வேண்டிய பேச்சு நான்கு மணியாகியும் தொடங்கவில்லை. பேச வந்த வானியற்பியல் ஆய்வாளர் ஷாமினி, முன்வரிசையில் மடிக்கணினியோடு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். குத்துவிளக்கு, வரவேற்புரை, சிறப்பு விருந்தினரான டத்தோவுக்குப் பொன்னாடை என்று சங்கத் தலைவர் கமலநாதன் ஒரு மணி நேரத்தை விழுங்கியிருந்தார். ஒருவழியாக மைக்கைக் கொடுத்தபோது காதருகே சொன்னார்:

"பத்து நிமிஷம் போதும்லா டாக்டர். படத்தைக் காட்டுங்க. இவங்களுக்கு எங்க புரியப் போகுது?"

ஷாமினிக்குச் சுருக்கென்றது. செத்துப்போன நட்சத்திரங்கள் அனுப்பும் ரேடியோத் துடிப்புகளை நான்கு வருடமாகத் தேடுகிறவள் அவள். அதைத் தமிழில் சொல்ல மூன்று வாரம் உழைத்திருந்தாள். எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் கொட்டி முடித்தாள்.

பின்வரிசையில் கம்பெனிச் சட்டை போட்ட ஒரு பெண் எழுந்தாள்.

"என் பேரு சீதாலெட்சுமி, பண்டமாரான்ல இருந்து வர்றேன். போர்ட்ல கன்டெய்னர் யார்டுல வேலை. எங்களுக்கு எல்லாமே வாக்கி-டாக்கிதான். பக்கத்துல லோரி ஸ்டார்ட் பண்ணாலே கரகரன்னு வரும். உங்களுக்கு வர்ற சிக்னல் மேல இருந்துதான் வருதுன்னு எப்படித் தெரியும்?"

ஷாமினி நிமிர்ந்தாள். வாய் திறப்பதற்குள் கமலநாதன் மைக்கைப் பிடுங்கினார்.

"ஆன்டி, அதெல்லாம் பெரிய விஷயம்லா. கேள்வி நேரம் கிடையாது. டத்தோ கிளம்பணும். எல்லாரும் போய் டீ குடிங்க."

சிலர் சிரித்தார்கள். சீதாலெட்சுமி முகம் சுருங்கி உட்கார்ந்தாள்.

"மைக்கைக் கொடுங்க," என்றாள் ஷாமினி.

"சீன் போடாதீங்க டாக்டர்." அவர் கையசைக்க, மைக் அணைந்தது.

"இதே கேள்வியைத்தான் என் புரொஃபசர் கேட்டாரு. பதில் தெரியாம நான் ரெண்டு மாசம் முழிச்சேன்!" ஷாமினி கத்தியதில் மண்டபமே திரும்பியது. "நீங்க டீ குடிக்கச் சொல்றீங்க! அக்கா, வெளிய வாங்க. நான் சொல்றேன்."

கார் நிறுத்துமிடத்துக்கு இருபது பேர் பின்னாலேயே வந்தார்கள். ஷாமினி சீதாலெட்சுமியின் பக்கம் திரும்பினாள்.

"நாங்களும் ஏமாந்திருக்கோம்க்கா. ரெண்டு மாசம் துரத்துன சிக்னல், கடைசியில ஆபீஸ் பேன்ட்ரி மைக்ரோவேவ் அடுப்பு."

எல்லோரும் சிரித்தார்கள். சீதாலெட்சுமி மட்டும் விடவில்லை.

"அடுப்புன்னு எப்படிப் பிடிச்சீங்க?"

"தினமும் பகல் சாப்பாட்டு நேரத்துல மட்டும் வந்துச்சு. நட்சத்திரம்னா ஒவ்வொரு நாளும் நாலு நிமிஷம் முன்னாலயே உதிக்கும். சிக்னலும் அப்படியே நகரணும். இது நகரவே இல்ல."

"அப்ப கடிகாரம் பார்த்தே பிடிச்சிருக்கீங்க," என்றாள் அவள். ஷாமினி முதல் தடவையாகச் சிரித்தாள். ஒரு மணி நேரம் அங்கேயே நின்று பேசினார்கள்.

திங்கட்கிழமை, டத்தோவை அவமதித்ததாக அவள் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்துக்குக் கமலநாதன் புகார் அனுப்பியிருந்தார். டத்தோவுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார் துறைத் தலைவர். ஷாமினி எழுதினாள், சீதாலெட்சுமியின் பெயருக்கு: எல்லோர் முன்னாலும் உங்களைச் சிறுமைப்படுத்திய மேடையில் நானும் நின்றேன், மன்னியுங்கள். நகல் கமலநாதனுக்கும் துறைத் தலைவருக்கும்.

அனுப்பிய பிறகும் அவளுக்கு ஆத்திரம் தீரவில்லை.