கீழ்ப்பிடி

அமரர் ஊர்தி வண்டிக்காரர் லிஃப்டுக்குள் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நின்னுட்டுப் போறவங்களுக்குத்தான் இது. படுத்துட்டுப் போக முடியாது."

இந்த லிஃப்டில் ஒரு மேசையைக்கூட ஏற்ற முடியாது என்பது மகனுக்குத் தெரியும். வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் அப்பாவோடு ஜோடி சேர்ந்து பீரோவும் கட்டிலும் தூக்கியவன் அவன்.

"ஒரு நாற்காலியில உக்கார வச்சுக் கொண்டு போயிடலாமே," என்றார் எதிர்வீட்டுக்காரர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

"வேண்டாம்."

இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் வந்தன. ஒன்று மகனுடையது. இன்னொன்று, கூடத்தில் சுவரோரமாக நின்றிருந்த புதுசுவுடையது. மகனுக்குச் சுருக்கென்றது. வேண்டாம் என்று சொல்ல இவன் யார்?

புதுசு வேறு நாட்டுக்காரன். ஆறு வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் வந்து இறங்கியபோது யாரோ வைத்த பெயர், இன்னும் பழசாகவில்லை. இன்று விடிந்ததும், படுக்கையில் கிடந்த அப்பாவின் மூச்சு நின்றது. தகவல் போன கொஞ்ச நேரத்தில் புதுசு வந்துவிட்டான். செருப்பை வாசலில் விடாமல் கதவுக்குப் பின்னால், வீட்டு ஆட்கள் விடும் இடத்தில் விட்டான். அம்மாவைக் கண்டதும் குரலெடுத்து அழுதான். அதுவரை மகனுக்கு அழுகை வரவில்லை. இவன் அழுததைப் பார்த்த பிறகு வருவதாகவும் இல்லை. வேலையில் முந்திக்கொண்டவன் இதிலும் முந்திக்கொண்டான்.

அதோடு விட்டானா? அம்மா ஒரு துண்டு கேட்டாள். எந்த அலமாரி என்று கேட்காமல் போய் எடுத்து வந்தான். தனிக்குடித்தனம் போய்விட்ட மகன் அந்த நேரத்தில் சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பாவைப் புதுசு கூப்பிடுவது 'அண்ணே' என்று. கம்பெனியில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆனால் முறை என்று பார்த்தால் மகனுக்கு அவன் சித்தப்பா ஆகவேண்டும். மகனைவிட நாலு வயது சின்ன சித்தப்பா.

முதலாளி வெளிநாட்டு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிய வருஷம் எல்லாம் மாறியது. அவர்கள் கிடங்கிலேயே படுத்துக்கொள்வார்கள், பாதிச் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்க மாட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் ஜோடிக்கு ஒருவர் போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார். பழைய ஆள் என்ற மரியாதைக்கு அப்பாவிடம் மட்டும் கேட்டார்.

"உன் பையன் இருக்கட்டுமா, இந்தப் புது ஆள் இருக்கட்டுமா? நீயே சொல்லு."

அப்பா புது ஆளைச் சொன்னார்.

அன்று சாயங்காலம் மகன் நேராகவே கேட்டான். அப்பா மழுப்பவில்லை. "நீ நல்லாத்தான் தூக்கறே. ஆனா அவசரம். அவன் என் காலைப் பார்த்து இறங்கறான். அவன்கூடத் தூக்கினா பாரம் தெரியலைடா."

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பழியை முதலாளி தலையில் போட்டிருந்தால், இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் திட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள். வேலை போனவர்கள் கிடங்கு வாசலில் கூடி, வந்தவர்கள் திரும்பிப் போகவேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். மகனும் கத்தினான். கேட்டைத் திறந்துகொண்டு வந்த வண்டியில் அப்பாவும் புதுசுவும் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்கள் பிழைப்பு போச்சு என்று கத்தினார்கள். தான் எதற்காகக் கத்துகிறோம் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது ஒரு பெரிய கடையின் கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கிறான். அப்பாவும் அவனும் அதன் பிறகு பேசிக்கொண்டது 'சாப்பிட்டியா', 'சாப்பிட்டேன்' வரைக்கும்தான்.

"மாடியிலிருந்து இறக்கறது எங்க வேலை இல்லீங்க," என்றார் வண்டிக்காரர். "தெருவிலிருந்துதான் எங்க பொறுப்பு. வேணும்னா பலகை தர்றேன், நல்லாக் கட்டியும் தர்றேன்."

"நாங்க இறக்கிடுவோம்," என்றான் மகன். அந்த 'நாங்க' வாயை விட்டுப் போன பிறகுதான் அவனுக்கே கேட்டது.

புதுசு பையைத் திறந்து இரண்டு தோல் வார்களை எடுத்தான். பாரம் தூக்கும்போது தோளில் மாட்டிக்கொள்பவை. ஒன்று அப்பாவுடையது. மற்றதையும் பார்த்தவுடன் மகனுக்கு அடையாளம் தெரிந்தது. கொக்கிக்காக அவனே ஆணியால் குத்திய துளை அழுக்கேறி அடைந்திருந்தது. கொக்கி தள்ளி இன்னொரு துளையில் கிடந்தது.

"தேவைப்படும்னு கொண்டுவந்தேன்," என்றான் புதுசு.

படியில் ஒரு பொருளை இறக்கும்போது மேல்பக்கம் நிற்பவன் மேல்பிடி. முன்னால் பார்த்துக்கொண்டு இறங்குவான். கீழ்ப்பக்கம் நிற்பவன் கீழ்ப்பிடி. படி தெரியாமல் பின்காலால் துழாவி இறங்குவான், பாரம் முக்கால்வாசி அவன் மேல்தான் சாயும். அப்பா எப்போதும் மேல்பிடி. கீழ்ப்பிடி மகனுடையதாக இருந்தது, பிறகு புதுசுவுடையது. அப்பாவின் வார் இவன் தோளில் ஏறுவதைப் பார்க்க மகனுக்குப் பிடிக்கவில்லை. கீழ்ப்பிடியை இன்றைக்கும் இவனிடம் விட்டுக்கொடுக்கவும் பிடிக்கவில்லை. அவனுக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

"கீழே நான்," என்று தன் பழைய வாரை இழுத்துக்கொண்டான்.

புதுசு ஏதோ சொல்ல வாயெடுத்தான். "சரி," என்று மட்டும் சொன்னான்.

அம்மா தண்ணீர் தொட்டு அப்பாவுக்குத் தலை வாரிவிட்டாள். "சொட்டச் சொட்ட வாரினாத்தான் இவருக்குத் திருப்தி," என்றவள் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள். "முகத்தை மூட வேண்டாம். கீழே நிக்கறவங்க பார்க்கணும்ல."

அப்பாவின் கால் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மகன் பின்னோக்கி இறங்கினான். அப்பாவின் முகம் நேர் எதிரே இருந்தது. நாலைந்து படிக்குள் பலகை ஒருபக்கம் சாய்ந்தது.

"மெதுவா மாப்ளை, மெதுவா," என்றான் புதுசு.

எதிர்வீட்டுக்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அப்பா பாரத்தோடு பேசுகிறவர். பீரோ, கட்டில், துணி துவைக்கும் மெஷின் எல்லாமே அவருக்கு மாப்ளைதான். 'கீறல் விழாமக் கொண்டு போய்ச் சேர்க்கணும்டா, இல்லைன்னா கோவிச்சுப்பாரு,' என்பார். பழக்கத்தில் சொல்லிவிட்ட புதுசு நாக்கைக் கடித்துக்கொண்டான். மகனுக்குத் தொண்டை வரை சிரிப்பு வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. அந்தச் சொல்லும் இவன் வாய்க்குப் போய்விட்டது, கொச்சை உச்சரிப்போடு.

முதல் திருப்பத்தில் பலகை மாட்டிக்கொண்டது. ஒரு முனை சுவரில் இடித்தது, மறுமுனை கைப்பிடியில்.

"அப்படியே மேலே தூக்கித் திருப்புங்க," என்றார் வண்டிக்காரர் மேலிருந்து.

திருப்ப முடியாது என்று கீழே இருந்த இருவருக்கும் தெரியும். பீரோவாக இருந்தால் இந்த இடத்தில் என்ன செய்வார்கள் என்பதும் தெரியும். யார் முதலில் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"நிக்க வைக்கணும்," என்றான் புதுசு மெதுவாக.

"அம்மா, நீ உள்ளே போ."

அம்மா போகவில்லை. "கட்டு இறுக்கமா இருக்கான்னு பாருடா," என்றாள்.

புதுசு தலைப்பக்கத்தை உயர்த்த உயர்த்த, அப்பா எழுந்து நின்றார். தலை முன்னால் சாய்ந்து மகனின் தோளில் விழுந்தது. மகன் இரண்டு கைகளாலும் பலகையோடு சேர்த்து அவரைக் கட்டிக்கொண்டான். ஈரத் தலைமயிர் கழுத்தில் சில்லென்று பட்டது. ஒரு காலை ஊன்றித் திருப்ப வேண்டியதுதான் பாக்கி. மகன் அவசரப்படவில்லை.

புதுசு முகத்தைத் திருப்பிக்கொண்டான். சுவரில் யாரோ கிறுக்கியிருந்ததைக் கவனமாகப் பார்த்தான். அந்த எழுத்து அவனுக்குப் படிக்கத் தெரியாது.

இரண்டாவது மாடியில் பலகையை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். ஏதாவது பேசவேண்டும்போல மகனுக்கு இருந்தது.

"இனிமே யார்கூடத் தூக்குவே?"

"தெரியலை. முதலாளி வேற நாட்டு ஆளுங்களை இறக்கிட்டாரு. எனக்குச் சம்பளம் ஜாஸ்தியாம்." புதுசு முகத்தைச் சட்டையில் துடைத்தான். "அண்ணன் சொல்லித்தான் இவ்வளவு நாள் விட்டு வச்சிருந்தாராம்."

மகனுக்குள் ஏதோ துள்ளியது. ஆறு வருஷம் காத்திருந்த சேதி. துள்ளியது போய் உட்கார இடம் தேடியது, கிடைக்கவில்லை.

"அடுத்த திருப்பத்துக்கு நீ கீழே வா," என்றான்.

"ஏன்?"

"வான்னா வா. வாரையும் மாத்திக்கலாம்."

அப்பாவின் வாரைத் தோளில் போட்டான். அது புதுசுவின் வியர்வையில் நனைந்திருந்தது.

மேல்பிடியிலிருந்து அப்பாவின் முகம் தெரியவில்லை. உச்சந்தலையும் சீப்பு போன கோடுகளும் மட்டும் தெரிந்தன. திருப்பத்தில் அவன் உயர்த்தினான், அப்பா நின்றார், ஈரத் தலை புதுசுவின் தோளில் சாய்ந்தது, அவன் அணைத்துக்கொண்டான். கண்ணை மூடி, அப்பாவின் காதோரம் தன் பாஷையில் ஏதோ சொன்னான். நீளமாக இருந்தது. மகன் சுவரைப் பார்க்கவில்லை. அவர்களையே பார்த்தான்.

"போதும், திருப்பு," என்றான்.

கடைசித் திருப்பம் அகலமானது. அங்கே நிற்க வைக்கத் தேவைப்படவில்லை. அந்தப் படிகளில் பாரம் அவ்வளவாகத் தெரியவில்லை. அப்பா படுக்கையில் கிடந்து இளைத்துவிட்டார், அதனால்தான் என்று மகன் தனக்குள் சொல்லிக்கொண்டான்.

வண்டியில் அம்மா முன்னால் ஏறினாள். பின்னால் அப்பா நடுவில் இருக்க, இந்தப் பக்கம் மகனும் அந்தப் பக்கம் புதுசுவும் உட்கார்ந்தார்கள். வண்டி கிளம்பியதும் ஜன்னல் வழியாக வெயிலும் காற்றும் வந்தன. புதுசுவின் சட்டைத் தோளில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் இருந்தது. மகன் அதையே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு தன் தோளைத் தொட்டுப் பார்த்தான்.

காய்ந்துவிட்டிருந்தது.