முப்பதாயிரத்து முப்பத்தொன்று

ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் ஏழாவது பாரத்தில், அதாவது ஒரே தாளில் அச்சாகும் பக்கத் தொகுப்பில், ‘அச்சிடலாம்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, சனிக்கிழமை மதியம் அச்சகத்திலிருந்து கிளம்பினாள் பிழைதிருத்துபவள். பஸ்ஸில் ஜன்னலோர இடமும் கிடைத்தது. ஆனால் ஒரு எண் மட்டும் அவளை விடுவதாயில்லை.

பகா எண்களுக்கு முடிவே இல்லை என்று காட்டும் பாடம் அது. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, இந்த ஆறையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 30031. ஆறில் எதுவும் அதை மீதியில்லாமல் வகுக்காது. அதுவரை சரி. அடுத்த வரி, ‘ஆகவே 30031 ஒரு பகா எண்’ என்றது. அந்த ‘ஆகவே’தான் உறுத்தியது. ஆறு பேர் திருடவில்லை என்பதற்காக ஏழாவது ஆளும் யோக்கியன் ஆகிவிடுவானா?

பையிலிருந்த பழைய கடித உறையில் வகுக்க ஆரம்பித்தாள். பதினேழு, பத்தொன்பது, இருபத்துமூன்று, எல்லாவற்றிலும் மீதி வந்தது. ஐம்பத்தொன்பதில் வரவில்லை. ஐந்நூற்று ஒன்பது முறை, கச்சிதமாகப் போனது. நாற்பதாயிரம் பிரதிகள், அவள் கையெழுத்தோடு.

அச்சு மெஷின்காரருக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. மெஷின் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் அவருக்குக் கேட்காது. அடுத்த நிறுத்தத்தில் குதிக்காத குறையாக இறங்கி, எதிர்ப்பக்க பஸ்ஸைப் பிடித்தாள். நின்றபடியே பாடத்தை எழுதிய பேராசிரியரைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் பேனா கீறும் சத்தம் கேட்டது. போட்டுப் பார்க்கிறார் போலிருக்கிறது.

“ஆமாம்மா. இருபது வருஷமா இதையேதான் சொல்லிக் குடுத்திருக்கேன்,” என்றார்.

“அப்போ பாடத்தையே எடுக்கணுமா சார்?”

“வேணாம். ஐம்பத்தொன்பது நம்ம ஆறுல இருக்கா? இல்லையே. அந்த எண்ணே பகா எண்ணா இருக்கணும்னு இல்லம்மா. அதை உடைச்சா வர்றது புதுசா இருந்தாப் போதும். அந்த ஒரு வரிதான் தப்பு, பாடம் நிக்குது.”

பாதி உயிர் திரும்பியது. அதுவும் அச்சகத்தில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டதும் மறுபடி போனது. ஓடிப்போய் ஒரு தாளை உருவிப் பார்த்தாள். ஆறாவது பாரம்.

மெஷின்காரர் நிறுத்திவிட்டு, என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னாள்.

“ஏழாவது பாரத்தோட அச்சுப் பிளேட்டா? அதோ சுவத்துல சாஞ்சிருக்கு. சாப்பிட்டுட்டு ஏத்தலாம்னு விட்டேன்.”

காகிதக் கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அரை மணியில் புது வரி தயாரானது: ‘30031 = 59 × 509. இவை இரண்டுமே நம் பட்டியலில் இல்லாத பகா எண்கள்.’ 509ஐயும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். பிறகு வீட்டுக்குப் போன் செய்து, நல்ல பசி, வந்துகொண்டே இருக்கிறேன் என்றாள்.