வடக்கே பச்சை வெளிச்சம்

1

இந்தக் கதையை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் அதற்குள்ளேயே இருந்தேன். ஓட்டோவின் பின் இருக்கையில், ஈரக் குடையோடு. தப்புச் செய்தவனும் நான்தான். கடைசி வரை இதை ஒளித்து வைத்தால் விறுவிறுப்பாக இருக்கும். இருபது வருடம் வாரப் பத்திரிகைகளுக்குத் தொடர் எழுதிய கை, அந்த வித்தை தெரியும். இந்த முறை வேண்டாம்.

2

முதல் முயற்சி: 'மலை மூச்சை அடக்கிக் காத்திருந்தது, அதன் மடியில் இரண்டு வீடுகள்—'

சே. மலை எதற்கும் காத்திருக்கவில்லை. மூன்று நாள் மழையில் ஊறிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாம் முயற்சி: இரவு பதினொன்று நாற்பது. பிலிமத்தலாவையில் ஒரு கல்யாண வீட்டிலிருந்து திரும்புகிறோம். ஓட்டுவது ஷிஹாப். என்னை இறக்கிவிட்டு, வடக்கே மலைச்சரிவில் இருக்கும் தன் வீட்டுக்கு ஏற வேண்டியவன். பேராதனையைத் தாண்டியதும் அந்தப் பக்கத்து வானம் பச்சையாகத் துடித்தது. சத்தமில்லை. அணைந்தது. மறுபடி பச்சை, ஓரத்தில் ஊதா.

"சேர், இது மின்னல் இல்லியே?"

"இல்லையடா தம்பி. துருவ ஒளி! தங்கச்சி நோர்வேயில இருந்து அனுப்பின படம் காட்டினனான் எல்லே? அதேதான்."

"கண்டியிலயா?"

"சூரியப் புயல் பலமா அடிச்சா எங்கயும் தெரியும். நிப்பாட்டு, படம் எடுப்பம்."

(நோர்வேயைக் கண்ணால் பார்க்காமலே, அங்கே நடக்கும் ஒரு தொடரை இருபத்தாறு வாரம் எழுதியவன் நான். சந்தேகம் வருமா?)

3

ஷிஹாப் மனைவிக்கு போன் எடுத்தான். பஸ்லினாவின் தூக்கக் குரல் எனக்கும் கேட்டது.

"என்ன, டயர் போயிட்டா?"

"இல்ல புள்ள, வெளிய வா. வானத்தப் பாரு. நோர்வே வெளிச்சமாம், சேர் சொல்றார்."

"சேருக்கு வேற வேல இல்ல. இங்க கரண்டும் இல்ல, மழ ஊத்துது."

"மகளத் தூக்கிட்டு ரோட்டுக்கே வா. வாசல்ல நின்டா பலாமரம் மறைக்கும். ஆயுசுல ஒருக்காத்தான் பாக்கலாமாம்!"

4

[அடிக்குறிப்பில் போக வேண்டியது, மேலே ஏற்றுகிறேன்: அது துருவ ஒளி இல்லை. மண் நகர, மின்கம்பங்கள் சாய, மேலே போகும் உயர் அழுத்தக் கம்பிகள் உரசி எரிந்த வெளிச்சம்.]

பஸ்லினா மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கினாள். ரோட்டுக்குப் போகும் வழியில் பக்கத்து வீடு. உம்மு குல்சும் ராத்தா, பஸ்லினாவுக்கு அக்கா மாதிரி, அங்கே தனியாக இருப்பவர். சுபஹுத் தொழுகைக்கு எழும்ப வேண்டுமென்று நேரத்தோடு படுத்துவிடுவார். கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள் பஸ்லினா. வேடிக்கை பார்க்கவா எழுப்பினாய் என்று ஏசுவாரே, ஆகவே—

ரோட்டில் நின்று திரும்பிப் பார்த்தபோது இரண்டு வீடும் இல்லை.

5

"பஸ்லினா கதவத் தட்டினாள்னு எழுதுங்க சேர்," என்றான் ஷிஹாப், மாதங்கள் கழித்து, இதை எழுதப் போகிறேன் என்றபோது. "ராத்தா வெளிய வந்து உங்களுக்கு நல்லா ஏசட்டும்."

எழுதினேன். முக்காட்டை இழுத்து விட்டபடி ராத்தா கதவைத் திறந்தார். "அந்த எழுத்துக்காரனுக்குப் பைத்தியமா?" என்றார். அருமையாக வந்தது.

பஸ்லினா வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள். "பொய்ய எழுதாதீங்க சேர்."

"அப்ப நடந்ததை எழுதட்டே, பிள்ளை?"

மகள் பக்கத்தில் இருந்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"அதையும் எழுதாதீங்க. இவ வாசிக்கப் பழகுறா."

(இரண்டு உயிரைக் காப்பாற்றிய தப்பு என்று எனக்கு நன்றி சொல்கிறார்கள். எந்த முகத்தோடு அதை வாங்குவது?)

6

ஆகவே இங்கேயே நிறுத்துகிறேன். மழை. வடக்கே பச்சை. இடுப்பில் பிள்ளை. தூக்கிய விரல்களுக்கும் கதவுக்கும் நடுவே நாலு அங்குலம்.

அந்தக் கையை உங்களிடம் விடுகிறேன். சீக்கிரம். மண் இன்னும் இறங்கவில்லை.