‘ம்’ என்றால் அழுத்து

என் கணவர் ஒரு நாளைக்கு எத்தனை முறை ‘ம்’ சொல்கிறார் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் நாற்பத்தொன்று ஆகிவிட்டது. அதற்குமேல் எண்ண எனக்குப் பொறுமையில்லை. சாப்பிட வாங்க என்றாலும் ம். குழாய் ஒழுகுது என்றாலும் ம். என் பெரியப்பா இறந்துபோன செய்தியைச் சொன்னபோதும் முதலில் வந்தது ம்தான், ஐந்து நிமிடம் கழித்து, "யாரு?" என்று கேட்டார். கதை கேட்கிற குழந்தை ம் கொட்டினால் அது இன்னும் தூங்கவில்லை என்று அர்த்தம். இவர் கொட்டினால் அதற்குக்கூட உத்தரவாதம் கிடையாது.

இதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை வேறு ஆள். ரிமோட்டில் பறக்கும் கிளைடர்களுக்கென்று பதினெட்டுப் பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அதற்கு இவர் பாதுகாப்புச் செயலாளர். கிளைடர் என்றால் மோட்டார் இல்லாத விமானம். மேட்டின் விளிம்பில் நின்று எறிந்தால் ஏறிவருகிற காற்று அதைத் தூக்கிக்கொள்ளும். எறிவதற்கு முன்னால் இவர் ஒவ்வொருவரையும் நிறுத்தி ஒரு கேள்வி கேட்பார்: "சிக்னல் போனா உன் கிளைடர் என்ன பண்ணும்?" பதில் சுடச்சுட வரவேண்டும். "அது வந்து..." என்று இழுத்தவருக்கு அன்றைக்குப் பறக்க அனுமதியில்லை. சங்கத்தில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். ஊரையே வாயைத் திறக்கச் சொல்கிறவர், இவர் முன்னால் தன் வாயைத் திறக்கப் பயப்படுவார்.

சரியான பதில் இதுதான். சிக்னல் அறுந்ததும் இறக்கையில் இருக்கிற பிரேக் பலகைகள் தானாக நிமிரவேண்டும், வால் லேசாக ஒரு பக்கம் திரும்பவேண்டும், கிளைடர் வட்டமடித்துக்கொண்டே நமக்குப் பக்கத்திலேயே இறங்கவேண்டும். இதற்கு ஃபெயில்சேஃப் என்று பெயர். இதைச் சொல்லிக்கொடுப்பதும் சுலபம்தான். கிளைடரின் வயிற்றுக்குள் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு ரிசீவர், அதில் கடுகளவு ஒரு பட்டன். பட்டனை அழுத்துகிற நொடியில் ரிமோட்டின் இரண்டு குச்சிகளும் எந்த நிலையில் இருக்கின்றனவோ, அதை அப்படியே ரிசீவர் மனப்பாடம் செய்துகொள்ளும். நல்லது கெட்டது அதற்குத் தெரியாது.

குச்சி இரண்டு, கை இரண்டு. பட்டனுக்கு மூன்றாவது கை வேண்டும். கல்யாணமாகி இருபத்தாறு வருடமாக அந்த மூன்றாவது கை நான். அவர் குச்சிகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு ‘ம்’ என்பார், நான் பல்குத்தும் குச்சியின் முனையால் அழுத்துவேன். விளக்கு இரண்டு முறை சிமிட்டும். "ஆச்சு" என்பேன். எங்கள் வீட்டில் ஒரு ‘ம்’முக்குத் திட்டமான அர்த்தம் இருந்தது என்றால் அது இந்த ஒன்றுக்குத்தான்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. நான் குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பத்தொன்பது வருடமாகப் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரைச் சோதித்து, அடுத்தவர் கையெழுத்துப் போடுவதற்காக அறிக்கை எழுதிக்கொடுத்தவள். இப்போது ஒரு கூடத்துக்கே தலைமை. ஆறு மணிநேர ரயில் தூரத்தில் இருக்கிற ஊர், மூன்று வருடம். வியாழக்கிழமைக்குள் சம்மதம் எழுதிக்கொடுக்கவேண்டும், இல்லையென்றால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். எனக்கு அந்த வேலை வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கையெழுத்துப் போடுகிற நாற்காலியில் ஒருநாளாவது உட்கார வேண்டும் என்று ஏங்கியிருக்கிறேன். ஆனால் இவரிடம் கேட்காமல் எழுதிக்கொடுக்க மனசு வரவில்லை. இவரிடம் கேட்பதென்றால் எப்படி என்றும் தெரியவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜை மேல் புதுக் கிளைடர் கிடந்தது. பதினான்கு மாதம் உட்கார்ந்து கட்டியது. இறக்கையை விரித்தால் மேஜையில் கொள்ளாமல் ஒரு முனை ஃப்ரிட்ஜைத் தொட்டது. அந்த ஞாயிறு இவருக்குப் பெரிய நாள். போன வருடம் யாரோ ஒருவருடைய கிளைடர் தறிகெட்டுப் போய், மேட்டுக்குச் சொந்தக்காரரின் கண்ணாடிக் கூரைமேல் விழுந்துவிட்டது. "இந்த வருஷம் என் கண்ணு முன்னால, ஆகாசத்துல வெச்சு சிக்னலை நிறுத்திக் காட்டுங்க. பக்கத்துலயே இறங்கினா மேடு உங்களுக்கு. இல்லேன்னா கேட்டைப் பூட்டிடுவேன்" என்று அவர் சொல்லியிருந்தார். அதைக் காட்டப்போவது செயலாளர், காட்டப்போகிற கிளைடர் இது.

இவருடைய இரண்டு கையும் ரிமோட்டில் இருந்தது. ஓடிவிட முடியாது. இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று நினைத்தேன். பல்குத்தும் குச்சியைப் பட்டன்மேல் வைத்துக்கொண்டு, கண்ணைப் பட்டனைவிட்டு எடுக்காமல் கேட்டேன்.

"எனக்கு மாற்றல் வந்திருக்கு. மூணு வருஷம். போறேன்னு எழுதிக் குடுத்துடட்டுமா?"

"ம்" என்றார்.

அழுத்தினேன். விளக்கு சிமிட்டியது. "ஆச்சு" என்றேன். அவர் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, பாதுகாப்புப் படிவத்தில் தன் பெயருக்கு நேராக ஒரு டிக் போட்டார். சங்கத்தில் எல்லோருடைய ஃபெயில்சேஃபையும் அவர்தான் சோதிப்பார். அவருடையதைச் சோதிக்க யாருக்கும் தைரியமில்லை.

மறுநாள் காலையில் சம்மதத்தை எழுதிக்கொடுத்துவிட்டு மகளுக்குப் போன் செய்தேன். அவள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள்.

"அப்பாகிட்ட கேட்டியாம்மா?"

"கேட்டேனே."

"என்ன சொன்னாரு?"

"ம் னாரு."

"அப்ப நீ இன்னும் சொல்லலைன்னு அர்த்தம்" என்றாள்.

அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள்தான், ஆனால் அறிவு என்னுடையது. அந்த ‘ம்’மில் ஒன்றுமில்லை என்று எனக்கு மட்டும் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அதைப் பிடித்துக்கொண்டேன். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தது, அவ்வளவுதான். பொய் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது. கேட்டேன், பதில் வந்தது.

ஞாயிறு காலை மேட்டில் நல்ல காற்று. நானும் போயிருந்தேன், எப்படியாவது அன்றைக்கு உடைத்துச் சொல்லிவிடவேண்டும் என்று எண்ணம். ஒன்றாம் தேதிக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கைப்பையில் வைத்திருந்தேன். நிலத்துக்காரர் மடக்கு நாற்காலி போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். கிளைடர் ஏறியது. அழகாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். தலைக்கு மேல் நன்றாக உயரம் வந்ததும் இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இப்ப சிக்னலை நிறுத்தறேன். பிரேக் நிமிரும். வலது பக்கமா வட்டம் போட்டு இங்கயே இறங்கும். எல்லாரும் பாத்துக்குங்க."

ரிமோட்டை அணைத்தார். எல்லோரும் பார்த்தோம். பிரேக் நிமிரவில்லை. வட்டம் போடவில்லை. கிளைடர் துளி ஆட்டமில்லாமல், மூக்கு எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"எப்ப இறங்கும்?" என்று கேட்டார் நிலத்துக்காரர்.

இவர் ரிமோட்டைத் திரும்பப் போட்டார். அங்கேதான் இவருடைய பாதுகாப்பு இவருக்கே வினையாக வந்தது. அந்த ரிமோட்டை உயிர்ப்பித்தால் உடனே சிக்னல் அனுப்பாது. உடைமைக்காரர் எழுதிவைத்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் சரி என்று அழுத்திய பிறகுதான் அனுப்பும். மற்றவர்கள் இரண்டு மூன்று கேள்வி வைத்திருப்பார்கள். இவர் இருபத்தொன்று வைத்திருந்தார். இறக்கைத் திருகு இறுக்கமா? சரி. பேட்டரி முழுசா? சரி. சுற்றிலும் குழந்தைகள் இல்லையே? சரி. பன்னிரண்டாவது கேள்வியில் கிளைடர் காக்கை அளவு இருந்தது. "ஃபெயில்சேஃப் சோதித்தாயிற்றா?" என்பது பத்தொன்பதாவது. அதற்கும் சரி என்று அழுத்தினார். இருபத்தொன்றை முடித்து நிமிர்ந்தபோது அது எதிர்க்குன்றைத் தாண்டி மறைந்துவிட்டிருந்தது. ரிமோட் திரையில் ‘சிக்னல் இல்லை’ என்று வந்தது.

பல் டாக்டர் யாரையும் பார்க்காமல் தன் ஷூ லேஸைக் கட்டினார். அது முன்னமே கட்டித்தான் இருந்தது.

இவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"புதன்கிழமை நான் ம் சொன்னப்புறம்தானே அழுத்தினே?"

"ஆமா."

"குச்சியைக் கீழ இழுத்துட்டுத்தானே நான் ம் சொல்வேன்?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நான் பட்டனைப் பாத்துட்டிருந்தேன். நான் ஒண்ணு கேட்டேன், நீங்க ம் னீங்க, அழுத்தினேன்."

அவருக்கு விளங்க ஆரம்பித்தது முகத்தில் தெரிந்தது. குச்சிகளை இழுப்பதற்கு முன்னாலேயே அந்த ‘ம்’ வெளியே வந்திருக்கிறது. நான் அழுத்தி முடித்து "ஆச்சு" என்ற நேரத்தில்தான் இவர் இழுத்தே முடித்திருக்கிறார். குச்சிகள் நடுவில் இருந்ததால் ரிசீவர் நேராகப் பறப்பதை மனப்பாடம் செய்துகொண்டது. சொன்ன சொல் தவறவில்லை அது.

"என்ன கேட்டே?" என்றார்.

பதினேழு பேரும் வானத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். நிலத்துக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஆமா, என்னம்மா கேட்டீங்க?" என்றார்.

"மாற்றல் வந்திருக்கு, மூணு வருஷம், போறேன்னு எழுதிக் குடுத்துடட்டுமான்னு கேட்டேன்."

"எழுதிக் குடுத்துட்டியா?"

"வியாழக்கிழமையே."

அவர் வாயைத் திறந்தார். ம் கூட வரவில்லை. நல்லவேளை, என் போன் அடித்தது. கிளைடரின் வயிற்றில் ஒட்டியிருப்பது என் நம்பர். அவருக்குப் போன் செய்தால் எடுத்தவர் கேட்கிறாரா என்று தெரியாதல்லவா.

பதினோரு கிலோமீட்டர் தள்ளி ஒரு விளையாட்டு மைதானம். அங்கே புல் வெட்டுகிறவர் பேசினார். "அம்மா, உங்க பிளேனு இங்க வந்து உக்காந்திருக்கு. பூ மாதிரி இறங்கிச்சு. ஒரு கீறல் இல்ல. யாரும்மா ஓட்டினது? பெரிய கைகாரரா இருக்கணும்."

"யாரும் ஓட்டலைங்க" என்றேன். எல்லோர் காதிலும் விழுந்தது. இவர் இறக்குகிற கிளைடர் கீறலில்லாமல் இறங்கியதாகச் சரித்திரம் கிடையாது.

நிலத்துக்காரர் நாற்காலியை மடக்கினார். "என் கூரைல விழல, அதுவரைக்கும் சந்தோஷம். அடுத்த ஞாயிறு திரும்பக் காட்டுங்க, அதுக்கப்புறம் பேசிக்கலாம். இந்தத் தடவை அம்மா கேக்கறதைக் காதுல வாங்கிட்டு ம் கொட்டுங்க சார்."

போய் எடுத்துவந்தோம். போகிற வழியிலும் வருகிற வழியிலும் இவர் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். மூன்று நாளாக ஒத்திகை பார்த்த பதில்கள். ஒன்றுக்கும் வேலையில்லாமல் போனதில் எனக்குக் கோபம்தான் வந்தது.

வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, கிளைடரை மறுபடி மேஜைமேல் வைத்தார். இறக்கை ஃப்ரிட்ஜைத் தொட்டது. ரிமோட்டை எடுத்துக்கொண்டு இருபத்தொரு கேள்விக்கும் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். பல்குத்தும் குச்சியை என்னிடம் நீட்டினார். நான் உட்கார்ந்து பட்டன்மேல் முனையை வைத்தேன். இந்தத் தடவை பட்டனைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். இரண்டு குச்சியையும் சரியாக இழுத்துப் பிடித்திருந்தார். பிரேக் பலகைகள் நிமிர்ந்து நின்றன.

மேட்டில் அவர் கேட்கிற அதே குரலில் கேட்டேன்.

"நான் போனா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"அது வந்து..." என்று இழுத்தார்.

அவருடைய சட்டப்படி அப்போதே ஆள் அவுட். நான் பொறுத்திருந்தேன்.

"கடைசியா என்ன பண்ணிட்டிருந்தேனோ அதையே பண்ணிட்டு, நேரா போயிட்டே இருப்பேன்னு நினைக்கறேன்."

"எதுலயாவது முட்டற வரைக்குமா?"

"ம்."

மதியத்துக்குள் நாற்பத்தொன்று என்று எண்ணியவள் நான். இப்படி ஒன்றை இதுவரை கேட்டதில்லை. விட்டுப் போகத்தான் போகிறேன், டிக்கெட் கைப்பையில்தான் இருக்கிறது. ஆனாலும் அழுகை வந்தது, அதை ஏன் ஒளிக்கவேண்டும். கண் கலங்கினால் கடுகளவு பட்டன் தெரியாது. விதிப்படி ம் வந்துவிட்டது, நான் அழுத்தியாகவேண்டும். விரல் அசையவில்லை.

"இது எனக்குச் சொன்ன ம்மா, பட்டனுக்குச் சொன்ன ம்மா?" என்று கேட்டேன்.

"உனக்கு" என்றார். "பட்டனுக்கு இன்னும் சொல்லல."