நாக்கில் பட்ட தண்ணீர்

பாறை துளைக்கிறவனுக்கு நாக்குதான் பாதிக் கருவி. குழாயோடு ஏறி வரும் சேற்றைத் தொட்டு நாக்கில் வைத்தால் உப்பா, இரும்பா, சுண்ணாம்பா என்று தெரிந்துவிடும். ஆராய்ச்சிக்கூடத்துக்காகத் துளை போட்டபோது மட்டும் அதைச் செய்யவே கூடாது என்று அங்கத்து விஞ்ஞானி மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பழகின கை கேட்குமா? பூமியில் மீன் இனமே பிறப்பதற்கும் முன்னால் பாறைக்குள் அடைபட்ட தண்ணீர் மேலே வந்ததும், என் தங்கச்சி புருஷன் விரலைத் தோய்த்து வாயில் வைத்துவிட்டார்.

"எப்படி இருக்கு மாப்ளே?"

"உங்க தங்கச்சி சமையலுக்கு இது தேவலாம் மச்சான்."

சிரித்தோம். சாயங்காலமே சாமான் அறை ஒன்றைக் காலி செய்து அவரை உள்ளே அடைத்தார்கள். இரும்புக் கதவு, பக்கத்தில் கண்ணாடி ஜன்னல்.

அந்தத் தண்ணீரில் உயிர் இருக்கிறதாம். நம் வம்சமும் இல்லை, புழு பூச்சி வம்சமும் இல்லையாம்.

"பூமியில உயிர் ஒரு தடவைதான் முளைச்சுதுன்னு நினைச்சோம். ரெண்டு தடவை முளைச்சிருக்கு," என்றார் மேடம். "அப்போ அங்கேயும் முளைச்சிருக்கும்." வானத்தைக் காட்டினார். "ஊர் கட்டி வாழ்றவங்ககூட இருக்கலாம்."

"அவங்க இருந்துட்டுப் போகட்டும் மேடம். எங்க மாப்பிள்ளையை எப்ப விடுவீங்க?"

"காய்ச்சல் இல்லை. நாளைக்குக் காலையில கூட்டிட்டுப் போங்க."

காலையில் தங்கச்சி துவைத்த சட்டையோடு வந்தாள். மேடம் மைக் பொத்தானை அமுக்கிப் பிடித்தார்.

"என்னங்க, ஒரே ராத்திரியில ஊதிட்டீங்க? விருந்தா உள்ளே?"

"பசியே இல்லை புள்ள. தட்டைத் தொடலை."

தட்டு அப்படியேதான் இருந்தது. நான் கட்டிலைப் பார்த்தேன். நேற்று அதன் இரும்புக் கால்கள் நாலும் துருவேறிக் கிடந்தன. இன்று ஒரு கால் மட்டும் பளபளவென்று, நடுவில் விரல் கனத்துக்கு இளைத்திருந்தது. மாப்பிள்ளை புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். கையெல்லாம் செம்பொடி.

மேடமும் பார்த்துவிட்டார். பொத்தானிலிருந்து விரல் நழுவியது. உள்ளே மாப்பிள்ளையின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"இந்தக் கதவு எவ்வளவு கனம்?" என்று மேடம் என்னிடம் மெல்லக் கேட்டார்.

"நல்லாத்தானே இருக்காரு, திறக்கச் சொல்லுண்ணே," என்றாள் தங்கச்சி.

தாழ்ப்பாள் இறுகியிருக்கிறதா என்று நான் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.